டபிள்யூபிஎஃப் லிஸ்ட்பாக்ஸ்: உருவான வரிகளை நிரலிலிருந்து எட்டும் வழி

விண்டோஸ் மென்பொருள்களின் திரைத்தோற்றத்தை உருவாக்க உதவும் மைக்ரோசாஃப்ட்டின் கட்டமைப்பான டபிள்யூபிஎஃப் (விண்டோஸ் பிரசென்டேஷன் ஃபவுண்டேஷன்) 2006 நவம்பரில் டாட்நெட் ஃப்ரேம்வொர்க் 3.0 உடன் வெளிவந்தது. 2018 டிசம்பரில் திறமூலமாக்கப்பட்டது. விண்டோஸுக்கான அலுவலக மென்பொருள்கள் பலவற்றில் இன்றும் அது உயிர்ப்போடு இருக்கிறது. பொருள்களை வரிவரியாகக் காட்டும் அதன் பட்டியல் உறுப்பான லிஸ்ட்பாக்ஸை நெடுநாள் பயன்படுத்தி வருபவன் என்ற முறையில் ஓர் அம்சத்தை மட்டும் இங்கே மதிப்பிடுகிறேன். தரவுடன் பிணைத்த பட்டியல் தானாக உருவாக்கும் வரிகளையும், அவற்றுக்குள் இருக்கும் உரைப்பெட்டி, தேர்வுப்பெட்டி முதலியவற்றையும் நிரலிலிருந்து எட்டுவது எவ்வளவு எளிது என்பதே அது.

புதியவர்கள் முதலில் தடுமாறும் இடமும் இதுதான். லிஸ்ட்பாக்ஸின் தரவு மூலமான ஐட்டம்ஸ்சோர்ஸில் வாடிக்கையாளர் பட்டியலைக் கொடுத்தால், அதன் பொருள்தொகுப்பான ஐட்டம்ஸில் இருந்து திரும்பக் கிடைப்பது அதே வாடிக்கையாளர் பொருளே தவிர, திரையில் தெரியும் வரி அன்று. வரியின் தோற்றத்தை வரையறுக்கும் வார்ப்புருவான டேட்டாடெம்ப்ளேட்டுக்குள் உரைப்பெட்டிக்குப் பெயர் சூட்டினாலும் சாளரத்தின் நிரலில் அந்தப் பெயர் தெரியாது. ஒரே வார்ப்புருவிலிருந்து நூறு வரிகள் வார்க்கப்படும்போது அந்தப் பெயர் எந்த வரியைச் சுட்டும்? அதனால்தான் ஒவ்வொரு வார்ப்புக்கும் தனித்தனிப் பெயர்வெளி (பெயர்கள் செல்லுபடியாகும் எல்லை) தரப்பட்டிருக்கிறது. இந்த முடிவு சரியானது என்றே நினைக்கிறேன்.

வரியை எட்டுவதற்கான வாசல், தரவுப் பொருள்களுக்கான வரிகளை உருவாக்கும் ஐட்டம்கண்டெய்னர்ஜெனரேட்டர். அதன் கண்டெய்னர்ஃப்ரம்ஐட்டம் முறைக்குத் தரவுப் பொருளைக் கொடுத்தால் அதற்குரிய வரியின் கொள்கலனான லிஸ்ட்பாக்ஸ்ஐட்டம் கிடைக்கும். ஐட்டம்ஃப்ரம்கண்டெய்னர் எதிர்த்திசையில் இதே வேலையைச் செய்யும். இதுவரை வடிவமைப்பு அழகாகவே இருக்கிறது. ஆனால் வரிக்குள் இருக்கும் உரைப்பெட்டி வேண்டுமென்றால், திரை உறுப்புகளின் மரத்தில் நடக்க உதவும் விஷுவல்ட்ரீஹெல்பரைக் கொண்டு கிளை கிளையாக இறங்கி, வார்ப்புரு பொருத்தப்படும் உறுப்பான கண்டென்ட்பிரசென்டரை உள்ளே கண்டுபிடித்து, அதன் மீது, பெயரைக் கொண்டு உறுப்பைத் தேடும் வார்ப்புருவின் ஃபைண்ட்நேமை அழைக்க வேண்டும். வார்ப்புரு இன்னும் பொருத்தப்படாத உறுப்பைக் கொடுத்துவிட்டால் பிழை எழும். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் இந்த இறக்கத்துக்கான துணை நிரலை ஒவ்வொரு குழுவும் தானே எழுதிக்கொள்ள வேண்டியிருப்பதை நான் பெருங்குறையாகவே கருதுகிறேன்.

கண்டெய்னர்ஃப்ரம்ஐட்டம் பல நேரங்களில் எதுவும் இல்லை என்று குறிக்கும் ‘நல்’ (null) மதிப்பைத் திருப்பித் தருவதைப் பலர் குறையாகச் சொல்வார்கள். என் பார்வையில் அது குறையன்று. லிஸ்ட்பாக்ஸ் இயல்பாகவே, மெய்நிகராக்கம் (தேவையான வரிகளை மட்டும் உருவாக்குவது) செய்யும் விர்ச்சுவலைசிங்ஸ்டாக்பேனலைப் பயன்படுத்துகிறது. பத்தாயிரம் பொருள்கள் இருந்தாலும் கண்ணில் படும் வரிகளையும் அவற்றை ஒட்டிய சிலவற்றையும் மட்டுமே அது உருவாக்கும். உருவாகாத வரியைக் கேட்டால் இல்லை என்பதுதான் நேர்மையான விடை. இதைத் தவிர்க்க மெய்நிகராக்கத்தையே நிறுத்திவிடும் பழக்கம் சிலரிடம் உண்டு. பத்தாயிரம் வரிகளும் ஒரே நேரத்தில் உருவாகி, சாளரம் திறப்பதற்கே காத்திருக்க வேண்டிய நிலையில்தான் அது முடியும்.

இதைவிட நுட்பமான சிக்கல் ஒன்று, 2008இல் டாட்நெட் ஃப்ரேம்வொர்க் 3.5 எஸ்பி1 பதிப்புடன் வந்த மறுசுழற்சி முறையில் இருக்கிறது. அதை இயக்கினால், மேலே உருண்டு மறைந்த வரியின் கொள்கலன் கீழே வரும் வேறொரு பொருளுக்குக் கொடுக்கப்படும். நிரலிலிருந்து நேரடியாக வரியின் பின்னணி நிறத்தை மாற்றியிருந்தால், அந்த நிறம் தொடர்பே இல்லாத இன்னொரு வாடிக்கையாளரின் மீது போய் ஒட்டிக்கொள்ளும். ஆகவே நிறம், தேர்வு, மறைப்பு போன்ற நிலைகள் அனைத்தையும் தரவுப் பொருளின் பண்புகளாக வைத்து, கொள்கலன்களின் பாணியை வரையறுக்கும் ஐட்டம்கண்டெய்னர்ஸ்டைல் வழியாகப் பிணைப்பதே பாதுகாப்பானது; அப்படிச் செய்தால் வரியைத் தேடிப் போக வேண்டிய தேவை பெரும்பாலும் எழாது.

எஞ்சுவது குவியம் (ஃபோகஸ்) வைப்பது போன்ற சில வேலைகளே. புதிதாகச் சேர்த்த வரியின் உரைப்பெட்டியில் தட்டச்சுக் குறியை நிறுத்த, முதலில் வரியைக் கண்ணில் படும் இடத்துக்கு உருட்டும் ஸ்க்ரோல்இன்டுவியூ, அடுத்து திரை அமைப்பைப் புதுப்பிக்கும் அப்டேட்லேஅவுட், அதன் பிறகு கண்டெய்னர்ஃப்ரம்ஐட்டம் என்ற வரிசையை நான் கடைப்பிடிக்கிறேன். ஜெனரேட்டரின் ஸ்டேட்டஸ்சேஞ்ச்டு நிகழ்வை மட்டும் நம்புவது போதாது. கொள்கலன்கள் உருவாகிவிட்டதாக அது அறிவிக்கும் கணத்தில் அவற்றுக்குள் வார்ப்புருவின் உறுப்புகள் இன்னும் வந்து சேர்ந்திருக்க வேண்டும் என்பதில்லை.