மூடியை மூடியாச்சு, லேப்டாப் தூங்கியாச்சா?

இரவு லேப்டாப்பை மூடிப் பையில் வைத்தேன். காலையில் கையை விட்டால் இட்லித் தட்டு மாதிரி சூடு, பேட்டரி பாதி காலி. லினக்ஸைத் திட்டுவதற்கு முன்னால், அது எந்தத் தூக்கம் தூங்கியது என்று பார்த்தேன்.

லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் காட்டும் 'சிஸ்' அடைவின் (ஃபோல்டரின்) கீழ் 'பவர்' என்றொரு அடைவு. அதில் 'மெம்_ஸ்லீப்' என்ற கோப்பைத் திறந்தால் பெரும்பாலும் இரண்டு சொற்கள் தெரியும்: எஸ்2ஐடில், டீப். எதைச் சுற்றிச் சதுர அடைப்பு இருக்கிறதோ, அதுதான் இப்போதைய தேர்வு.

டீப் என்பது எஸ்3 என்ற பழைய தூக்க நிலை. கெர்னல் முதலில் புரோகிராம்களை உறையவைக்கும், அப்புறம் சாதனங்களை இயக்கும் நிரல்களான டிரைவர்கள் ஒவ்வொன்றையும் வரிசையாகக் கூப்பிட்டு "உன் சாதனத்தின் நிலையைச் சேமித்துக்கொள், அணைத்துவிடு" என்று சொல்லும். கடைசியில் சாவியை ஃபர்ம்வேரிடம், அதாவது மெஷினுக்குள்ளேயே பதிந்திருக்கும் அடிப்படை மென்பொருளிடம், கொடுத்துவிடும். பிராசசருக்கு மின்சாரம் போய்விடும், ரேம் மட்டும் தன்னைத் தானே புதுப்பித்துக்கொண்டு உயிரோடு இருக்கும். ஏதாவது டிரைவர் சோம்பலாக நடந்துகொண்டாலும், ஃபர்ம்வேர் பெரும்பாலான சாதனங்களின் மின்சாரத்தைப் பிடுங்கிவிடும். வீட்டில் மெயின் சுவிட்சை இறக்குவது போலத்தான்.

எஸ்2ஐடிலில் மெயின் சுவிட்சே கிடையாது. 2013-இல் கெர்னல் 3.9-இல் 'ஃப்ரீஸ்' என்ற பெயரில் வந்தது இது. டிரைவர்களைக் கூப்பிடும் சடங்கு ஏறக்குறைய அதேதான், ஆனால் ஃபர்ம்வேரிடம் சாவி போவதில்லை. பிராசசர் ஆழமான ஐடில் (வேலையின்றிச் சும்மா இருக்கும்) நிலையில் காத்திருக்கும். சிப் முழுவதும் அடங்க வேண்டுமென்றால் எஸ்எஸ்டி, வைஃபை, யுஎஸ்பி கன்ட்ரோலர் என்று எல்லாம் தாமாக இறங்கிக் கொடுக்க வேண்டும். ஒன்று முரண்டு பிடித்தாலும் போச்சு: திரை இருட்டாக இருக்கும், உள்ளே சிப் விழித்தே கிடக்கும். என் பையில் நடந்தது அதுதான்.

எனக்கு முக்கியமாகப் படும் வித்தியாசம் இதுதான். எஸ்3-இல் டிரைவரின் தவறு எழும்போது தெரியும்: கறுப்புத் திரை, காணாமல் போன வைஃபை. எஸ்2ஐடிலில் அதே தவறு தூங்கும்போது நடக்கும், பேட்டரியில்தான் தெரியும். முதலாவது எரிச்சல், ஆனால் உடனே கண்ணில் படும். இரண்டாவது சத்தமில்லாமல் திருடும்.

எஸ்2ஐடிலுக்கும் ஒரு வரவு உண்டு. மூடியைத் திறந்த கணமே திரை வந்து நிற்கும். எஸ்3-இல் முதலில் ஃபர்ம்வேர் எழுந்து, பிறகு கெர்னலை எழுப்ப வேண்டும்.

சரி, ஹைபர்னேட்? ரேமில் இருப்பதைப் படம் பிடித்து, டிஸ்கில் ஒதுக்கிய ஸ்வாப் என்ற இடத்தில் எழுதிவிட்டு மெஷினையே அணைத்துவிடும். பேட்டரிச் செலவு கிட்டத்தட்ட இல்லை. ஆனால் படம் பிடிக்கச் சாதனங்களை நிறுத்தி, எழுதுவதற்காக மறுபடி எழுப்பி, பிறகு அணைக்க வேண்டும், டிரைவருக்கு இரட்டை வேலை. நம்பகமான கையொப்பம் உள்ள மென்பொருளை மட்டுமே தொடங்கவிடும் செக்யூர் பூட் இயங்கும்போது, பல லினக்ஸ் விநியோகங்களில் (தொகுப்புகளில்) கெர்னல் இதற்கு அனுமதியே தருவதில்லை.

என் வழக்கம்: மெம்_ஸ்லீப்பில் டீப் இருந்தால் அதையே வைத்துக்கொள்வேன். புதிய லேப்டாப்கள் பலவற்றில் ஃபர்ம்வேர் எஸ்3-ஐயே கைவிட்டுவிட்டது, அங்கே எஸ்2ஐடில்தான் கதி. அப்படியென்றால் அளந்து பார்த்துவிட்டுத்தான் நம்புவேன். பத்து நிமிடம் தூங்க வைத்து எழுப்பி, அதே பவர் அடைவில் 'சஸ்பெண்ட்_ஸ்டாட்ஸ்' உள்ளே 'லாஸ்ட்_எச்டபிள்யூ_ஸ்லீப்' கோப்பைப் பார்க்கலாம். வன்பொருள் உண்மையில் எவ்வளவு நேரம் தூங்கியது என்பது மைக்ரோசெகண்டில் இருக்கும். பத்து நிமிடமென்றால் 60 கோடிக்குப் பக்கத்தில் வர வேண்டும். எனக்கு வந்தது பூஜ்யம். யுஎஸ்பியில் செருகியிருந்த டாங்கிள் என்ற சிறு கருவியைக் கழற்றினேன், மறுபடி தூங்க வைத்தேன், எண் ஏறிவிட்டது.