ஜி.இ.டி. கட்டுரைப் பகுதி: நீண்ட காலப் பயிற்சியில் எது கைகொடுத்தது

அமெரிக்காவில் பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர்கள் எழுதும் ஜி.இ.டி. தேர்வில் கணக்கைக் கண்டு அஞ்சுபவர்களே அதிகம். என்னை இழுத்தடித்தது ஆங்கில மொழித்தாளின் நடுவில் வரும் அந்த ஒரே கட்டுரைதான். மொத்தம் 150 நிமிடத் தாளில் அதற்கு 45 நிமிடம். வேலைக்குப் போய்க்கொண்டே ஓராண்டுக்கும் மேலாகப் புத்தகம், செயலி, மாலை வகுப்பு என்று எல்லாவற்றையும் புழங்கிப் பார்த்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

எல்லாவற்றிலும் அதிகம் உதவியது காசு கொடுத்து வாங்கிய எதுவும் இல்லை. தேர்வு நடத்துபவர்களே இலவசமாகத் தரும் மதிப்பெண் வழிகாட்டிதான். வாதமும் ஆதாரமும், கருத்தை வளர்த்து அடுக்கும் விதம், மொழித் திருத்தம் என்று மூன்று கூறுகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 வரை. மூன்றாவது கூறின் கீழ், 45 நிமிடத்தில் எழுதுவது என்பதால் முழு மதிப்பெண்ணுக்குக் கூடப் பிழையே இல்லாத நடை எதிர்பார்க்கப்படுவதில்லை என்று தெளிவாகவே சொல்லியிருக்கிறார்கள். இலக்கணப் பயிற்சியே கதி என்று கிடப்பவர்கள் முதலில் படிக்க வேண்டிய வரி அது.

கட்டுரை கேட்பது உங்கள் கருத்தை அல்ல. ஒரே விஷயத்தைப் பற்றி எதிரெதிராகப் பேசும் இரண்டு வாதங்களைத் தருவார்கள். எது வலுவான ஆதாரத்தோடு நிற்கிறது என்று நீங்கள் காட்ட வேண்டும். பயிற்சிக்கு நானே உருவாக்கிக்கொண்ட ஒரு தலைப்பு: ஊர் நூலகத்தை ஞாயிறன்றும் திறக்கலாமா? திறக்கலாம் என்பவர் வருகைக் கணக்கையும் நகராட்சியின் செலவறிக்கையையும் காட்டுகிறார். வேண்டாம் என்பவர் ‘ஞாயிறன்று யாரும் வர மாட்டார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும்’ என்கிறார். கூடவே பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன ஒரு கதை. ஞாயிறு விடுமுறை வேண்டும் என்றே உங்கள் மனம் சொன்னாலும், முதலாமவர் பக்கம் நின்று எழுதுவதுதான் எளிது. அதோடு நின்றுவிடாமல், அவர் காட்டும் கணக்கு கோடை மாதங்களுக்கு மட்டுமே உரியது என்ற ஓட்டையையும் ஒரு வரியில் தொட்டால் கட்டுரைக்குத் தனி வலு வந்துவிடும். ஆதாரத்தை எடுத்துக் காட்டுவதோடு அது ஏன் நம்பத்தக்கது என்றும் சொல்ல வேண்டும்; பலர் முதல் பாதியோடு நிறுத்திவிடுகிறார்கள். வாசகத்தை அப்படியே படியெடுத்து நிரப்பினாலோ பூஜ்யம்.

பழைய புத்தகக் குவியலில் மலிவாகக் கிடைக்கும் கனத்த வழிகாட்டிகளிடம் எச்சரிக்கை தேவை. 2014இல் தேர்வே மாறிவிட்டது. அதற்கு முன் எழுத்துத் தேர்வு தனித்தாள். கட்டுரையும் சொந்த அனுபவத்தை வைத்து எழுதுவது. அந்தக் காலத்துப் புத்தகம் ‘உங்கள் வாழ்வில் மறக்க முடியாத மனிதர்’ வகைக் கட்டுரைக்கு அழகாகப் பழக்கும். இன்றைய தாளுக்கு அதனால் சல்லிக்காசுப் பயனில்லை. புத்தகம் அச்சான ஆண்டைப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

இலக்கணச் செயலியைச் சில மாதங்களிலேயே கைவிட்டேன். தேர்வுத் திரையில் எழுத்துப்பிழை காட்டும் சிவப்புக் கோடு வராது. செயலி திருத்தித் திருத்தி வளர்த்த கை அங்கே தடுமாறும். தமிழ் பேசும் நமக்கென்று உள்ள சிக்கலையும் அது பிடித்துக் காட்டவில்லை. ‘வந்து, பார்த்து, கேட்டு, எழுதி’ என்று எச்சங்களைக் கோத்தே பழகிய நாம் ஆங்கிலத்திலும் முழு வாக்கியங்களைக் காற்புள்ளியால் கோத்துக்கொண்டே போகிறோம். மாலை வகுப்பு ஆசிரியை இதற்கு எளிய வழி சொன்னார்: எழுதி முடித்ததும் ஒவ்வொரு காற்புள்ளியிலும் நின்று, இரு பக்கமும் தனித்தனியே வாக்கியமாக நிற்கின்றனவா என்று பார். நின்றால் முற்றுப்புள்ளி வை, அல்லது இணைப்புச் சொல் சேர். பல மாதச் செயலிச் சந்தாவைவிட இந்த ஒரு பழக்கம் மேல்.

தாளில் எழுதிப் பழகுவதை விரைவில் நிறுத்திவிடுங்கள். தேர்வு முழுக்கக் கணினியில்தான். தட்டச்சு வேகம் இல்லாதவர் யோசிக்க வைத்திருந்த நேரத்தை விசைப்பலகை தின்றுவிடும். வாசிக்கப் பத்து நிமிடம், குறிப்புக்கு ஐந்து, எழுத இருபத்தைந்து, மிச்சம் சரிபார்க்க என்பது எனக்குப் பொருந்திய பங்கீடு. குறிப்பெழுதும் ஐந்து நிமிடத்தை விட்டுக்கொடுத்த நாளெல்லாம் மூன்றாவது பத்தியில் கட்டுரை முட்டுச்சந்தில் நின்றது.

கட்டுரைக்கென்று தனித் தேர்ச்சி கிடையாது. வாசிப்பும் இலக்கணமும் சேர்ந்த மொத்தத்தில் 145 வந்தால் போதும். எனவே கட்டுரை சுமாராக அமைந்தாலும் மற்றவை தூக்கிவிடலாம். இதே நோக்கத்துக்காகச் சில மாநிலங்களில் நடக்கும் ஹைசெட் என்ற இன்னொரு தேர்வில் கதை வேறு: எழுத்துத் தாளின் கட்டுரையில் ஆறு மதிப்பெண்ணில் இரண்டாவது வாங்கியே ஆக வேண்டும். ஜி.இ.டி.யில் தவறினால் அடுத்த இரண்டு முயற்சிகளுக்குக் காத்திருப்பு இல்லை, அதற்குப் பின் 60 நாள். கட்டணமும் சில விதிகளும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும்; பதிவு செய்யும் முன் அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.