90 அடியா, 60 அடியா?

பேஸ்பாலிலும் சாஃப்ட்பாலிலும் நான்கு பேஸ்கள் (ஓட்டக்காரர் வரிசையாகத் தொட வேண்டிய தளங்கள்) ஒரு சதுரத்தின் மூலைகளில்தான் இருக்கின்றன. ஆனால் முன்னதில் பக்கத்துக்கு 90 அடி (27.43 மீட்டர்), பின்னதில் 60 அடி (18.29 மீட்டர்).

90 அடி என்பது 1857-இல் நியூயார்க்கில் கிளப்புகள் கூடி முடிவு செய்த அளவு. அதற்கு முன், 1845-ஆம் ஆண்டு நிக்கர்பாக்கர் என்ற நியூயார்க் கிளப்பின் விதிகள் எதிரெதிர் பேஸ்களுக்கு இடையே "42 காலடி" என்று மட்டுமே சொல்லின. யாருடைய காலடி என்று சொல்லவில்லை! சாஃப்ட்பாலோ 1887-இல் சிகாகோவில் ஓர் உள்ளரங்கில் பிறந்தது. சின்ன சதுரம் அதற்கு இயல்பாகவே பொருந்தியது.

தூரம் குறைந்தால் ஓடுவது எளிது என்று நினைக்க வேண்டாம். பேஸ்பாலில் ஓட்டக்காரர் பந்து வீசப்படும் முன்பே சில அடிகள் முன்னேறி நிற்கலாம். சாஃப்ட்பாலில் பந்து வீசுபவரின் கையை விட்டுப் போகும்வரை பேஸிலிருந்து காலை எடுக்கக் கூடாது. அதனால் 60 அடியிலும் பேஸ் திருடுவது, அதாவது பந்து அடிக்கப்படாமலே அடுத்த பேஸுக்கு ஓடுவது, மயிரிழைப் போட்டிதான். தரையில் உருளும் பந்தை ஒரு நொடி தடுமாறிப் பிடித்தாலும் ஓட்டக்காரர் தப்பிவிடுவார். எனக்கு இந்த வேகமே பிடித்திருக்கிறது.

பேஸ்பால் மெதுவாகவே மாறுகிறது. 2023-இல் மேஜர் லீக் (அமெரிக்காவின் உயர்மட்டத் தொழில்முறைப் போட்டி) பேஸ்களின் பக்க அளவை 15 அங்குலத்திலிருந்து 18 அங்குலமாக்கியது. முதல் பேஸுக்கும் இரண்டாவதுக்கும் இடைவெளி நாலரை அங்குலம் குறைந்தது. மோதலைத் தவிர்ப்பதும் அதன் ஒரு நோக்கம். சாஃப்ட்பால் அதற்கு முன்பே முதல் பேஸில் வெள்ளை, ஆரஞ்சு என இரட்டைப் பேஸை வைத்துவிட்டது: ஓட்டக்காரருக்கு ஆரஞ்சு, பந்தைப் பிடிப்பவருக்கு வெள்ளை. பள்ளி மைதானங்களில் பேஸ்பாலுக்கும் இதையே போட வேண்டும்.