மணிக்கட்டில் ஓர் உறக்கக் கணக்கர்: ஆறு வாரப் பயன்பாட்டுக்குப் பின் ஒரு மதிப்பீடு

இரவில் மணிக்கட்டில் கட்டிக்கொண்டு படுத்தால், எத்தனை மணி நேரம் உறங்கினோம், அதில் ஆழ்ந்த உறக்கம் எவ்வளவு, கனவு நிறைந்த உறக்கம் எவ்வளவு, இடையில் எத்தனை முறை விழித்தோம் என்பதையெல்லாம் காலையில் கைபேசித் திரையில் காட்டும் பட்டை ஒன்றை ஆறு வாரங்களாக அணிந்து வருகிறேன். போதுமான நேரம் படுத்திருந்தும் களைப்புடனேயே எழும் நிலை எனக்குச் சில காலமாக இருந்ததால் இதை வாங்கினேன். வாங்கிய நான்காவது வாரத்தில், மருத்துவரின் அறிவுரைப்படி உறக்கப் பரிசோதனைக் கூடம் ஒன்றில் ஓர் இரவு தங்க நேர்ந்தது. அன்றும் பட்டையைக் கழற்றவில்லை. ஆகவே, பட்டை சொன்னதையும் மூளையின் மின்னலைகள் சொன்னதையும் ஒரே இரவுக்கு ஒப்பிட்டுப் பார்க்க முடிந்தது. இந்த மதிப்பீடு பெரும்பாலும் அந்த ஒப்பீட்டிலிருந்து பிறந்தது. இவ்வகைப் பட்டைகள் பலவும் ஒரே முறையில் இயங்குவதால், தயாரிப்பாளரின் பெயரைவிட இயங்கும் முறையைப் பேசுவதே பயனுள்ளது என்று கருதுகிறேன்.

பட்டையின் உள்ளே இருப்பவை முக்கியமாக இரண்டு. ஒன்று, கையின் அசைவை அளக்கும் முடுக்கமானி. மற்றொன்று, தோலின்மீது பச்சை ஒளியைப் பாய்ச்சி, திரும்பி வரும் ஒளியின் ஏற்ற இறக்கத்திலிருந்து நாடித் துடிப்பைக் கணிக்கும் உணரி. தோலின் வெப்பநிலையையும் இரத்தத்தின் ஆக்சிஜன் அளவையும் தோராயமாகக் காட்டும் வசதிகளும் உண்டு. மூளையிலிருந்து நேரடியாக எதையும் பெறும் வழி இதில் இல்லை. உறக்க நிலைகளோ மூளையின் மின்செயல்பாட்டைக் கொண்டே வகுக்கப்பட்டவை. ஜெர்மானிய மருத்துவர் ஹான்ஸ் பெர்கர் 1924இல் மனித மூளையின் மின்னலைகளை முதன்முதலாகப் பதிவு செய்து, 1929இல் வெளியிட்டார். அதன் பிறகே உறக்கத்தின் உட்புறத்தைக் காணும் வழி திறந்தது. 1953இல் அமெரிக்க ஆய்வாளர்கள் அசெரின்ஸ்கியும் கிளெய்ட்மனும் மூடிய இமைகளுக்குக் கீழே கண்கள் விரைந்து அசையும் தனி நிலை ஒன்று உண்டு என்று காட்டினார்கள்; கனவு நிறைந்த விரைவிழி உறக்கம் அதுவே. 1959இல் பிரான்சின் மிஷேல் ஷுவே பூனைகளை ஆராய்ந்து, அந்த நிலையில் மூளை விழித்திருப்பதைப் போலவே சுறுசுறுப்பாக இருக்க, கழுத்துத் தசைகளோ முற்றிலும் தளர்ந்துவிடுகின்றன என்று கண்டார். மூளை ஒன்று சொல்ல உடல் வேறொன்று காட்டும் நிலை அது. கையசைவை மட்டும் பார்க்கும் கருவி தடுமாறுவது இத்தகைய இடங்களில்தான்.

அப்படியானால் பட்டை எதை வைத்து நிலைகளைப் பிரிக்கிறது? இதயத் துடிப்பையும் மூச்சையும் நம் முயற்சியின்றி இயக்கும் தானியங்கு நரம்பு மண்டலத்தை வைத்து. ஆழ்ந்த உறக்கத்தில், இதயத்தைத் தணிக்கும் வேகஸ் நரம்பின் செல்வாக்கு மேலோங்குவதால் இதயத் துடிப்பு மெதுவாகி, சீராகிறது. விரைவிழி உறக்கத்தில் துடிப்பும் மூச்சும் ஒழுங்கின்றி ஏறி இறங்குகின்றன. இந்த மாறுதல்களையும் அசைவையும் சேர்த்து, இப்போது மூளை இந்த நிலையில் இருக்கக்கூடும் என்று மென்பொருள் ஊகிக்கிறது. ஊகம் அடிப்படையற்றதன்று, ஆனால் அது ஊகம் என்பதைச் செயலியின் திரை எங்கேயும் சொல்வதில்லை என்பதே என் முதல் குறை. "ஆழ்ந்த உறக்கம் 1 மணி 34 நிமிடம்" என்று நிமிடக் கணக்கில் துல்லியமாக எழுதிக் காட்டும்போது, படிப்பவர் அதை அளவீடு என்றே நம்புவார்.

பரிசோதனைக் கூடத்தில் தலையில் மின்முனைகள், கண்களின் ஓரத்தில் இரண்டு, தாடையின் தசைமீது சில, மார்பையும் வயிற்றையும் சுற்றி மூச்சை அளக்கும் வார்கள், மூக்கின் அருகே காற்றோட்ட உணரி என்று எல்லாவற்றையும் பொருத்திக்கொண்டு படுத்தேன். இவ்வளவு கம்பிகளுடன் உறக்கம் வருமா என்று அஞ்சியதற்கு மாறாக, ஏறத்தாழ ஆறு மணி நேரம் உறங்கினேன். மறுநாள் பட்டை காட்டிய மொத்த உறக்க நேரம் கூடத்தின் அறிக்கையைவிட 41 நிமிடம் கூடுதலாக இருந்தது. காரணம் எளிது: தொடக்கத்தில் அசையாமல் கண்மூடிக் கிடந்த நேரத்தை அது உறக்கமாகச் சேர்த்துக்கொண்டது. அசைவை அடிப்படையாகக் கொண்ட கருவிகள் எல்லாவற்றுக்கும் உள்ள நெடுநாள் குறை இது. உறங்குபவரை உறங்குகிறார் என்று சரியாகச் சொல்லும், அசையாமல் விழித்திருப்பவரையும் அவ்வாறே சொல்லிவிடும். வீட்டில் ஒருநாள் அரைமணி நேரம் படுத்தவாறே புத்தகம் படித்ததையும் அது உறக்கமாகவே பதிந்திருந்தது.

ஆழ்ந்த உறக்கத்தில் வேறுபாடு இன்னும் பெரிது. மூளையில் நொடிக்கு நான்குக்கும் குறைவான, உயரமான மெதுவலைகள் நிறைந்திருந்த நேரம் 52 நிமிடம் என்றது கூடத்தின் அறிக்கை; பட்டையின் கணக்கு அதைப் போல ஏறத்தாழ இருமடங்கு. அந்த உறக்கத்தின் பெரும்பகுதி இரவின் முதல் மூன்றில் ஒரு பங்கில் வந்தது என்பதை மட்டும் இரண்டும் ஒன்றாகக் காட்டின.

என்னை உண்மையில் கலங்கவைத்தது மற்றொன்று. நான் களைப்புடன் எழுவதற்குக் காரணம், உறக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுப்பாதை மணிக்கு 11 முறை அடைபடுவதே என்று கூடத்தில் தெரியவந்தது. மூச்சு தடைபட்டதும் இரத்தத்தில் கரியமில வாயு கூடுகிறது. மூளைத்தண்டு அதை உணர்ந்து, மூளை முழுவதையும் சில நொடிகள் உசுப்பிவிட்டு மூச்சை மீட்கிறது. உறங்குபவர் இதை அறிவதில்லை. கையும் அசைவதில்லை. இத்தனை சிறு விழிப்புகளுக்கும் சேர்த்துப் பட்டை அன்று காட்டியது மூன்றே மூன்று விழிப்புகள். ஆக்சிஜன் வரைபடத்தில் "இயல்பு" என்று எழுதியிருந்தது. நான்கு வாரங்களாக இதே சொல்லைக் காலைதோறும் படித்து நிம்மதி அடைந்திருக்கிறேன். குறட்டையும் பகற்களைப்பும் உள்ளவர்கள் இந்தப் பட்டையின் சொல்லை நம்பி மருத்துவரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடக் கூடாது என்று அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன்.

உடலை வைத்து மூளையின் உறக்கத்தைக் கணிப்பதில் உள்ள இடர் விலங்குகளை ஆராய்வோருக்கு நன்கு தெரிந்த ஒன்று. கூண்டில் வளர்ந்தவற்றைப் பார்த்து, தேவாங்கைப் போல மெதுவாக நகரும் ஸ்லாத் என்னும் அமெரிக்க மரவிலங்கு நாளுக்கு 16 மணி நேரம் உறங்கும் என்று நெடுநாள் எழுதிவந்தார்கள். 2008இல் பனாமாவின் காட்டிலேயே அவற்றின் தலையில் சிறு பதிவுக் கருவியைப் பொருத்தி மூளையலைகளை எடுத்தபோது, கிடைத்த சராசரி பத்து மணி நேரத்தையும் எட்டவில்லை. டால்ஃபின்களின் நிலை இன்னும் வியப்பானது. அவற்றின் மூளையின் ஒரு பாதி மெதுவலைகளில் ஆழ்ந்திருக்க, மறுபாதி விழித்திருந்து உடலை நீந்தச் செய்கிறது என்பதைச் சோவியத் ஆய்வாளர் முகமெதோவ் 1970களில் காட்டினார். அசைவை மட்டும் கணக்கெடுத்தால் டால்ஃபின் உறங்குவதே இல்லை என்றுதான் முடிவு வரும். கலாபகோஸ் தீவுகளின் கப்பற்பறவைகள் கடலின்மேல் நாட்கணக்கில் பறந்துகொண்டே, நாளுக்குச் சராசரியாக 42 நிமிடம் உறங்குவதை 2016இல் மூளையலைப் பதிவு காட்டியது. தாடைக்கோட்டுப் பெங்குவின்கள் ஏறத்தாழ நான்கு நொடிகளே நீளும் குட்டித் துயில்களை நாளுக்குப் பத்தாயிரத்துக்கும் மேல் சேர்த்து, பதினொரு மணி நேர உறக்கத்தைப் பெறுகின்றன என்று 2023இல் வெளியான ஆய்வு சொல்கிறது.

என் பட்டைக்கு மிக நெருங்கிய உறவு போட்ஸ்வானாவின் யானைகளிடம் உள்ளது. 2017இல் வெளியான ஆய்வொன்றில், இரண்டு காட்டு யானைகளின் துதிக்கையில், இதைப் போன்ற அசைவுமானியையே தோலுக்கடியில் பொருத்தினார்கள். துதிக்கை ஐந்து நிமிடத்துக்கு மேல் அசையாதிருந்தால் உறக்கம் என்று கொண்டு, நாளுக்கு ஏறத்தாழ இரண்டு மணி நேரம் என்ற கணக்குக்கு வந்தார்கள். காட்டு யானையின் மூளையலையை எடுப்பது அரிது. கிடைத்த வழியில் அளந்தார்கள், எப்படி அளந்தோம் என்பதையும் மறைக்காமல் எழுதினார்கள். அந்த நேர்மையைத்தான் இந்தச் செயலியிடமும் எதிர்பார்க்கிறேன்.

இனி, பட்டை நன்றாகச் செய்வதைச் சொல்ல வேண்டும். படுக்கும் நேரத்தையும் எழும் நேரத்தையும் அது பிசகாமல் பதிந்துவைக்கிறது. இது சிறிய உதவி அன்று. கண்களிலிருந்து வரும் நரம்புகள் ஒன்றையொன்று கடக்கும் இடத்துக்குச் சற்று மேலே, மூளையின் அடிப்பகுதியான ஹைப்போதலாமஸில், ஏறத்தாழ 20,000 நரம்பணுக்கள் கொண்ட சிறு திரள் ஒன்று உள்ளது. உடலின் நாள்கடிகாரம் அதுவே. நாள்சுழற்சி குறுகிய ஒருவகை வெள்ளெலியிலிருந்து அந்தத் திரளை எடுத்து, கடிகாரம் அழிக்கப்பட்ட மற்றொரு வெள்ளெலிக்குப் பொருத்தியபோது, பெற்ற விலங்கு கொடுத்ததன் சுழற்சியைப் பின்பற்றியது என்று 1990இல் நிறுவினார்கள். இந்தக் கடிகாரம் காலை வெளிச்சத்தால் நாள்தோறும் திருத்தப்படுகிறது. படுக்கும் நேரமும் எழும் நேரமும் அலைந்தால் வெளிச்சம் கண்ணில் படும் நேரமும் அலைகிறது. வார நாட்களுக்கும் விடுமுறை நாட்களுக்கும் இடையே என் எழும் நேரம் இரண்டரை மணி நேரம் தள்ளிப்போவதைப் பட்டையின் வரைபடத்தில் பார்க்கும் வரை நான் அறியவில்லை. அதைச் சரிசெய்ததும், திங்கட்கிழமை இரவுகளில் உறக்கம் வராமல் புரள்வது பெரிதும் குறைந்தது.

இதேபோல, மாலை ஐந்து மணிக்குப் பிறகு காபி அருந்திய நாட்களைச் செயலியின் குறிப்பேட்டில் எழுதிவந்தேன். விழித்திருக்கும் நேரம் கூடக்கூட மூளையில் அடினோசின் என்னும் வேதிப்பொருள் சேர்ந்து உறக்க அழுத்தத்தை ஏற்றுகிறது. காஃபின் அடினோசினின் ஏற்பிகளை அடைத்துவிடுவதால் அழுத்தம் இருந்தும் மூளை அதை உணர்வதில்லை. அந்த இரவுகளில் நான் விளக்கணைத்த நேரம் பிந்தியிருந்ததைப் பட்டை தெளிவாகக் காட்டியது. கடிகாரமும் இந்த அழுத்தமும் சேர்ந்தே உறக்கத்தை ஆள்கின்றன என்று உறக்க ஆய்வாளர் போர்பெலி 1982இல் முன்வைத்த கருத்தை, என் சொந்த வாழ்க்கையின் வரைபடத்திலேயே படித்ததுபோல் இருந்தது. இந்த ஒரு பயனுக்காகவே பட்டையைப் பாராட்டுகிறேன்.

நூற்றுக்கு இத்தனை என்று காலைதோறும் வரும் "உறக்க மதிப்பெண்" வேறு வகை. நன்றாக உறங்கியதாக எண்ணி எழுந்த ஒரு நாளில் 61 என்று கண்டதும், அன்று முழுவதும் சோர்வாகவே உணர்ந்தேன். அன்றிரவு மதிப்பெண்ணை உயர்த்த வேண்டும் என்ற எண்ணத்துடன் படுத்து, நெடுநேரம் விழித்துக் கிடந்தேன். ஹைப்போதலாமஸின் முன்பகுதியில் உள்ள உறக்க நரம்பணுக்களும், மூளைத்தண்டின் விழிப்பு மையங்களும் ஒன்றையொன்று அடக்கும் இருமுனைச் சுவிட்சைப் போன்றவை. கவலை விழிப்பின் பக்கத்துக்கே வலுக்கூட்டும். முயற்சியால் உறக்கத்தை வரவழைக்க இயலாது. பட்டையின் கணக்கைக் குறித்த கவலையே உறக்கத்தைக் கெடுப்பதைக் கண்ட மருத்துவர்கள் 2017இல் அதற்கொரு தனிப்பெயரே சூட்டினார்கள். எனவே மதிப்பெண் பக்கத்தை மூடிவைக்கும் வசதியைத் தேடினேன். செயலியின் அமைப்புகளில் ஆழத்தில் அது இருந்தது. முகப்பிலேயே இருந்திருக்க வேண்டும்.

மற்றவை சுருக்கமாக: ஒருமுறை சார்ஜ் செய்தால் ஐந்து இரவுகள் வருகிறது, வார் மென்மையானது என்றாலும் வியர்வை தங்குவதால் மூன்றாம் வாரத்தில் தோல் சிவந்தது, தினமும் கழுவிய பின் சரியானது, ஒலியின்றி அதிர்ந்து எழுப்பும் வசதி, அறையில் உடனுறங்குவோரைக் கலைக்காததால் மிகவும் பிடித்தது.

மறுபரிசோதனைக்குச் சென்றபோது ஆறு வாரப் பதிவுகள் அனைத்தையும் அச்சிட்டு எடுத்துச் சென்றேன். ஆழ்ந்த உறக்கம், கனவுறக்கம் என்று வண்ணம் பிரித்த பக்கங்களை மருத்துவர் புரட்டித் தள்ளிவைத்தார். படுத்த நேரமும் எழுந்த நேரமும் வரிசையாக இருந்த ஒரே ஒரு தாளை மட்டும் எடுத்து, நெடுநேரம் படித்துவிட்டு, என் கோப்பில் சேர்த்துக்கொண்டார்.