காணாக்கடிக்குக் கலமைன் லோஷன்: பாவிச்சுப் பார்த்த அனுபவம்

போன மாசம் ஒரு பின்னேரம் என்ர 5 வயசு மகளுக்கு முதுகு, தொடை எல்லாம் தடிப்புத் தடிப்பாப் போட்டுது. முதல்ல நுளம்புக்கடி எண்டுதான் நினைச்சன். அரை மணித்தியாலத்தில ஒண்டோடொண்டு சேர்ந்து தேசப்படம் மாதிரி விரிஞ்சிட்டுது. இப்பிடித் திடீரெண்டு கடியோட தடிக்கிறதைத்தான் காணாக்கடி எண்டுறது. அம்மா மத்தியானம் குடுத்த நண்டுக்கறியைக் குறை சொல்லிக்கொண்டு வேப்பிலை முறிக்கப் போனா. நான் கொக்குவிலில எங்கட ஒழுங்கை முனையில இருக்கிற பார்மசிக்கு ஓடிப்போய்க் கலமைன் லோஷன் வாங்கியந்தன்.

போத்தலை நல்லாக் குலுக்கோணும், இல்லாட்டி மேல வெறும் தண்ணிதான் வரும். துணியைக் கிணத்துத் தண்ணியில நனைச்சு ஒத்திப்போட்டு, பஞ்சால பூசினன். பூசின உடன பிள்ளை சொறியிறதை விட்டிட்டாள். அதுதான் இதின்ர பெரிய குணம். ஆனா காய்ஞ்சதும் ரோஸ் நிற மாவாக் கொட்டும், படுக்கை விரிப்பெல்லாம் பூசிக்கொள்ளும். கொஞ்ச நேரத்தில திரும்பவும் கடி. நகம் கீறின இடத்தில பட்டால் எரியுதெண்டு அழுதாள். கண், வாய்ப் பக்கம் பூசவே கூடாது.

தடிப்பு இதால மறையேல்லை. ஒரு இடத்தில வத்த இன்னொரு இடத்தில கிளம்பிச்சுது. அடுத்த நாள் டொக்டர் செட்ரிசின் எண்ட அலர்ஜிப் பாணி எழுதித் தந்தாப் பிறகுதான் அடங்கிச்சுது. வீட்டில கிடந்த பிரிட்டோன் எண்ட பழைய அலர்ஜி மருந்தைக் குடுக்கட்டோ எண்டு கேட்டன். அது நித்திரையாக்கும், இதுதான் நல்லது எண்டார். அளவு பிள்ளையின்ர வயசையும் நிறையையும் பொறுத்தது. தேக்கரண்டியால அளக்காமல் பார்மசியில ஊசியில்லாத சிறிஞ்ச் கேட்டு வாங்குங்கோ.

நண்டிலயும் பிழையில்லையாம். அதுக்கு 3 நாளுக்கு முந்தி அவளுக்குத் தடிமனும் காய்ச்சலும். சின்னப் பிள்ளையளுக்குக் கூடுதலா அப்பிடியான வைரசுக்குப் பிறகுதான் இது போடுமாம். சாப்பாடு ஒத்துக்கொள்ளாட்டி அனேகமா 2 மணித்தியாலத்துக்குள்ள காட்டிப்போடும். அம்மா இன்னும் நம்பேல்லை.

உதடோ நாக்கோ வீங்கினால், மூச்சு இழுத்தால், திரும்பத் திரும்பச் சத்தி எடுத்தால், பிள்ளை சோர்ந்து விழுந்தால் லோஷனோட மினைக்கெடாதேங்கோ. உடன 1990 அம்புலன்சுக்கு எடுங்கோ.

வாங்கலாமோ எண்டா, வாங்கலாம். ராவையில பிள்ளை படுத்தது இதாலதான். சின்னப் போத்தலே காணும், திகதியைப் பார்த்து எடுங்கோ. தோல் ஏற்கனவே வறண்ட பிள்ளையளுக்கு இது இன்னும் காயப்பண்ணும். அவைக்கு ஈரத்துணியே போதும்.