நாட்டுக் காட்டுப்பூ விதை என்று நம்பி 3,850 ரூபாய் இழந்தேன்: விதை வாங்குவோர் கவனத்திற்கு

நேற்று மாலை அந்த விற்பனையாளர் என் எண்ணை முடக்கிவிட்டார். அதற்குச் சற்று முன்புதான், அவருடைய விதையிலிருந்து என் தோட்டத்தில் முளைத்திருப்பது பார்த்தீனியம் என்ற களைச்செடி என்று படத்துடன் எழுதி அனுப்பியிருந்தேன். இரண்டு நீலக் குறிகள் தோன்றின. பிறகு அவருடைய முகப்புப் படம் மறைந்தது. அழைத்தால் மணி ஒலிக்கவே இல்லை. கோபம் ஆறிய பிறகு எழுதலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆறினால் எழுதாமலேயே விட்டுவிடுவேன் என்பதால் இப்போதே எழுதுகிறேன். நம் மண்ணின் பூச்செடிகளை விதையிலிருந்து வளர்க்க ஆசைப்படும் எவரும் என்னைப் போல 3,850 ரூபாயையும் ஒரு முழு மழைக்காலத்தையும் பறிகொடுக்கக் கூடாது. விதை வாங்குமுன் எவற்றையெல்லாம் பார்க்க வேண்டும் என்பதையும் முடிவில் விரிவாகச் சொல்கிறேன்.

எங்கள் வீடு மதுரைக்கு வெளியே, ஒரு கண்மாயை ஒட்டிய பகுதியில் இருக்கிறது. வீட்டின் பின்புறம் அரை சென்ட் அளவுக்குச் செம்மண் நிலம் சும்மா கிடந்தது. ஒரே பருவத்தில் முளைத்து, பூத்து, விதை உதிர்த்துக் காய்ந்துபோகும் நம் ஊர்ச் செடிகளை மட்டுமே அதில் வளர்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் விருப்பம். ஐப்பசி மழைக்கு முளைத்துப் பனிக்காலத்தில் பூக்கும் தும்பை, காய் முற்றியதும் உள்ளே விதைகள் சலசலக்கும் கிலுகிலுப்பை, ஒற்றையடுக்குக் காசித்தும்பை, வெள்ளைப் பூ பூக்கும் நல்வேளை, இளஞ்சிவப்புக் கதிர் விடும் பண்ணைக்கீரை ஆகியவற்றைப் பட்டியலிட்டு வைத்திருந்தேன். வாடிய கிலுகிலுப்பைச் செடியைத் தேடி வரியன் வகைப் பட்டாம்பூச்சிகளின் ஆண்கள் கூட்டமாக வந்து சாற்றை உறிஞ்சும். அந்தச் சாற்றிலுள்ள வேதிப்பொருளைக் கொண்டுதான் அவை பெண் பூச்சிகளைக் கவரும் மணத்தை உண்டாக்கிக்கொள்கின்றன. அந்தக் காட்சியை என் வீட்டுச் சன்னலிலிருந்தே பார்க்க வேண்டும் என்று எண்ணினேன். எண்பது வயதைக் கடந்த என் தாயாருக்கோ பிரதோஷந்தோறும் சிவனுக்குச் சாத்த ஒரு கைப்பிடி தும்பைப் பூ வேண்டும். பூக்கடையில் அது எல்லா நாளும் கிடைப்பதில்லை.

காட்டுப்பூ விதைகளையும் நாட்டுக் காய்கறி விதைகளையும் விற்பதாகச் சொல்லிக்கொள்ளும் ஒரு சமூக ஊடகப் பக்கம் ஆவணி மாதத்தில் என் கண்ணில் பட்டது. அதில் இருந்த எண்ணுக்கு அழைத்தேன். பேசியவர் இளைஞர், மரியாதையாகப் பேசினார். மண்ணின் நிறம் என்ன, மழைநீர் தேங்குமா, ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் வெயில் விழும் என்றெல்லாம் அவரே கேட்டார். கிலுகிலுப்பை விதையின் தோல் கெட்டியானது என்பதால் அதை இரவு முழுவதும் வெந்நீரில் ஊறவைத்த பிறகே ஊன்ற வேண்டும் என்றார். பண்ணைக்கீரை விதை பொடி விதை என்பதால் மணலோடு கலந்து தூவி, உள்ளங்கையால் மெல்ல அழுத்திவிட்டால் போதும், மேலே மண் போட்டு மூடக் கூடாது என்றார். இவை அனைத்தும் சரியான செய்திகள்; இன்றும் நான் அவற்றை மறுக்கவில்லை. செடிகளைப் பற்றி இவ்வளவு தெரிந்த ஒருவர் விதையில் பொய் செய்வார் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

பேச்சுவாக்கில் என் தாயாரையும் தும்பைப் பூவையும் பற்றிச் சொன்னேன். சிறிது நேரம் பேசாமல் இருந்தவர், "தும்பை விற்றுத் தீர்ந்துவிட்டது, அம்மா. ஆனால் பாட்டிக்காக நான் எனக்கென்று எடுத்து வைத்திருப்பதிலிருந்து ஒரு பொட்டலம் வைத்து அனுப்புகிறேன், அதற்குக் காசு வேண்டாம்" என்றார். அந்த ஒரு சொல்லில்தான் நான் மனம் இளகினேன். சோதனைக்கு ஒரே ஒரு பொட்டலம் மட்டும் வாங்கிப் பார்க்கலாம் என்று அழைத்த நான், அதைக் கேட்ட பிறகு நான்கு தனி விதைப் பொட்டலங்களைத் தலா 400 ரூபாய்க்கும், "நாட்டுக் காட்டுப்பூக் கலவை" கால் கிலோவை 2,100 ரூபாய்க்கும் கேட்டு, கூரியர் செலவு 150 ரூபாயையும் சேர்த்து, மொத்தம் 3,850 ரூபாயை அலைபேசி வழியாக உடனே அனுப்பிவிட்டேன். இலவசம் என்று அவர் சொன்ன அந்தத் தும்பைப் பொட்டலத்துக்குத்தான் நான் உண்மையில் 3,850 ரூபாய் கொடுத்திருக்கிறேன் என்று இப்போது புரிகிறது.

பத்து நாளில் பொட்டலங்கள் வந்தன. பழுப்புக் காகித உறை, மேலே இலை வடிவ ரப்பர் முத்திரை, அழகான கையெழுத்தில் செடியின் பெயர். விதை எந்த ஊரில் சேகரிக்கப்பட்டது, எந்த மாதத்தில் சேகரிக்கப்பட்டது, எடை எவ்வளவு, முளைப்புத் திறன் என்ன என்று எதுவும் இல்லை. அனுப்புநர் முகவரியும் இல்லை. ஓர் அலைபேசி எண் மட்டும் இருந்தது. இவற்றை அன்றே கவனித்தேன். வீட்டிலிருந்து சிறிய அளவில் தொழில் செய்பவர், அச்சிட்ட உறைக்கு எங்கே போவார் என்று நானே அவருக்காகச் சமாதானமும் சொல்லிக்கொண்டேன்.

ஐப்பசி முதல் வாரத்தில் மழை பிடித்ததும் விதைத்தேன். தும்பை விதையைத் தூவி, மறுநாள் காலையில் போய்ப் பார்த்தபோது ஒவ்வொரு கரிய விதையைச் சுற்றியும் வெண்மையான வழவழப்பான உறை உப்பி நின்றது. தவளை முட்டைகளை மண்ணில் கொட்டியது போல இருந்தது. என் தாயார்தான் குனிந்து பார்த்துவிட்டு, "இது சர்பத்தில் போடுகிற சப்ஜா விதை இல்லையா?" என்று கேட்டார். ஒருவேளை தும்பையும் இப்படித்தான் இருக்குமோ என்று நான் காத்திருந்தேன். முளைத்து வளர்ந்தது திருநீற்றுப்பச்சிலை. சப்ஜா அதன் விதைதான். எந்த மளிகைக் கடையிலும் கிடைக்கும் பொருளை எண்பது வயது மூதாட்டியின் பூசையின் பெயரைச் சொல்லி எங்கள் தலையில் கட்டியிருக்கிறார்.

கிலுகிலுப்பை மூன்றே நாளில், ஒன்று விடாமல், வரிசை கட்டியது போல முளைத்தது. அப்போது மகிழ்ந்தேன், சந்தேகப்பட்டிருக்க வேண்டும். தானாக வளரும் செடியின் கெட்டித்தோல் விதைகள் எல்லாம் ஒரே நாளில் முளைப்பதில்லை. சில இந்த மழைக்கும் சில அடுத்த மழைக்கும், இன்னும் சில அடுத்த ஆண்டுக்கும் என்று பிரிந்து முளைப்பதுதான் அவற்றின் இயல்பு, ஏனெனில் ஒரு மழை பொய்த்தாலும் அவற்றின் இனம் பிழைத்துக்கொள்ள வேண்டும். ஆண்டாண்டாகப் பயிரிடப்பட்ட விதைதான் பெரும்பாலும் இப்படி ஒருசேரக் கிளம்பும். நான் தேடிய கிலுகிலுப்பையின் இலை நுனி அகன்று, நடுவில் சிறிது குழிந்திருக்கும். என் பாத்தியில் வந்தவை குறுகி நீண்ட இலைகளோடு, மார்கழி பிறக்கும்போது என் தோளுயரத்துக்கு வளர்ந்து நின்றன. அது சணப்பை. பசுந்தாள் உரத்துக்காக வேளாண் இடுபொருள் கடைகளில் கிலோக் கணக்கில் விற்கும் விதையை ஒரு கைப்பிடி அள்ளி, உறையில் போட்டு, 400 ரூபாய் வாங்கியிருக்கிறார்.

காசித்தும்பை என்று வந்தது தொட்டிகளுக்கென்று நர்சரிகளில் விற்கும் அடுக்கிதழ்க் குட்டை ரகம். பண்ணைக்கீரை மட்டும் உண்மையான பண்ணைக்கீரை. நல்வேளை ஒன்றுகூட முளைக்கவில்லை. ஆனால் அதன் புதிய விதை சில மாதங்கள் உறங்கிவிட்டு முளைக்கும் தன்மையுடையது என்பதால் அதை மட்டும் நான் குற்றமாகச் சொல்ல மாட்டேன்.

என்னால் பொறுக்க முடியாதது அந்த 2,100 ரூபாய்க் கலவைதான். அதில் பாதிக்கு மேல் தென்னை நார்த்தூளும் சருகுப் பொடியும். முளைத்தவற்றில் மஞ்சள் காஸ்மாஸும் துலுக்கச் சாமந்தியும் நிறைய இருந்தன. இரண்டுமே மெக்சிகோப் பக்கத்திலிருந்து வந்தவை, நம் நாட்டுக் காட்டுப்பூக்கள் அல்ல. அவற்றுக்கிடையே, தரையோடு தரையாக, கேரட் இலையைப் போலப் பிளவுபட்ட இலைகளுடன் இருபது முப்பது செடிகள் வட்டமாகப் படர்ந்தன. படம் எடுத்து அனுப்பிக் கேட்டபோது, "அது காட்டுச் சாமந்தி, அம்மா. பூக்க விடுங்கள், அருமையாக இருக்கும்" என்று பதில் அனுப்பினார். நானும் நம்பி இரண்டு மாதம் தண்ணீர் ஊற்றினேன். சிறுசிறு வெள்ளைப் பூக்கள் வந்தன. வேளாண் துறையில் பணியாற்றி ஓய்வுபெற்ற பக்கத்துத் தெருப் பெரியவர் சென்ற வாரம் வந்தபோது ஒரு கொத்தைக் கிள்ளிப் பார்த்துவிட்டு, "இதற்கு எதற்கம்மா தண்ணீர் ஊற்றி வளர்க்கிறீர்கள்? இது பார்த்தீனியம்" என்றார். 1950களின் நடுவில் புனே பகுதியில் கண்டறியப்பட்டு, நாடு முழுவதும் பரவி, தோலில் ஒவ்வாமையையும் சிலருக்கு மூச்சுத் தொல்லையையும் உண்டாக்கும் அதே அமெரிக்கக் களை. ஒரே செடி ஆயிரக்கணக்கில் விதை உதிர்க்கும். என் இரு முன்கைகளிலும் பத்து நாளாக இருந்த அரிப்புக்கும் தடிப்புக்கும் காரணம் அதுவாகத்தான் இருக்க வேண்டும் என்றும் அவர் சொன்னார்.

இனி அவருடைய சமாளிப்புகளைச் சொல்கிறேன். சப்ஜாவைப் பற்றிக் கேட்டபோது, "மழை அதிகம், அதனால் விதை அப்படித் தெரியும்" என்றார். சணப்பையைப் பற்றிக் கேட்டபோது படம் கேட்டார்; மூன்று முறை அனுப்பினேன், மூன்று முறையும் படம் தெளிவாக இல்லை என்றார். அதன் பிறகு, "இயற்கை அவசரப்படாது, அம்மா, உங்களுக்குப் பொறுமை வேண்டும்" என்று எனக்கே பாடம் நடத்தினார். பணத்தைத் திருப்பிக் கேட்ட அன்றுதான் குரல் மாறியது. "விதைக்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது" என்றார். முளைக்காத விதைக்கு உத்தரவாதம் இல்லை என்பதை நான் ஏற்றுக்கொள்வேன். ஒரு செடியின் பெயரைச் சொல்லி வேறொரு செடியின் விதையைக் கொடுப்பது எப்படி உத்தரவாதப் பிரச்சினை ஆகும்? அதற்கு விடை இல்லை. அடுத்து வாங்கினால் பத்து விழுக்காடு தள்ளுபடி தருவதாகச் சொன்னார். அவருடைய பக்கத்தில் நான் எழுதிய குறிப்பு ஒரு மணி நேரத்தில் நீக்கப்பட்டது. நேற்று எண்ணையும் முடக்கிவிட்டார். 3,850 ரூபாயில் ஒரு ரூபாய்கூடத் திரும்பவில்லை.

இன்று காலை கண்மாய்க் கரையில் நடந்து போனேன். கரை முழுவதும் தும்பை பூத்துக் கிடக்கிறது. கிலுகிலுப்பை நாற்பது ஐம்பது செடிகள், காய் பிடித்து நிற்கின்றன. வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் எல்லாம் இருந்தும் விலைக்கு வாங்கப் போனேன் என்பதை நினைத்தால் 3,850 ரூபாய் போனதைவிட அதிகமாக வலிக்கிறது.

விரிவாகச் சொல்வதாக எழுதியிருந்தேன். இப்போது கை அரிப்போடு அதற்குப் பொறுமை இல்லை. இவற்றை மட்டுமாவது பாருங்கள். சேகரித்த இடமும் மாதமும் எழுதாத விதையை வாங்காதீர்கள். அனுப்புநர் முகவரி தராதவருக்கு முன்பணம் அனுப்பாதீர்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதியப் போனபோது, எதிர்த்தரப்பின் முகவரி என்று எழுத என்னிடம் எதுவும் இல்லை. கலவை விதையை வாங்கவே வாங்காதீர்கள். தனி விதையானாலும் பத்து விதையை ஈரத்துணியில் முளைக்க வைத்து, இலை வந்த பிறகு அது எந்தச் செடி என்று தெரிந்தவரிடம் காட்டிவிட்டு மீதியை விதையுங்கள். அனுபவமுள்ளவர் உறுதி செய்யும்வரை கேரட் இலை போன்ற எந்த நாற்றையும் வெறுங்கையால் தொடாதீர்கள்.

நாளைக் காலையில் கையுறை போட்டு, மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டு, பூக்கள் விதையாகி உதிர்வதற்குள் அத்தனை பார்த்தீனியத்தையும் வேரோடு பிடுங்க வேண்டும். இலை முத்திரை குத்திய பழுப்பு உறையில் முகவரி இல்லாமல் விதை வாங்கி ஏமாந்தவர்கள் வேறு யாரேனும் இருந்தால் எனக்குத் தெரிவியுங்கள். பணம் அனுப்பிய விவரத்தையும் உறையின் படத்தையும் அழிக்காமல் வைத்திருங்கள், எல்லோரும் சேர்ந்தே புகார் கொடுப்போம்.