சேலைக்கு மேல் ஜெர்க்கின்: பழனி நடையில் இரண்டு தை

ஜெர்க்கின் பார்சலில் வந்த அன்றே அதைப் பலகாரம் நிறுக்கும் தராசில் வைத்துப் பார்த்துவிட்டேன். 460 கிராம். பாதயாத்திரைக்குப் பை கட்டுகிறவளுக்கு முதலில் தெரியவேண்டியது அதுதான். நிறம், தையல் எல்லாம் அப்புறம். மூட்டை முடிச்செல்லாம் சாமான் வண்டியில் போய்விடும் என்றாலும் தோளில் ஒரு சின்னப் பை எப்போதும் இருக்கும். மூன்றாம் நாளைக்கு மேல் அதில் ஒரு எலுமிச்சம்பழம் கூடினாலும் தோள் சொல்லிவிடும்.

பெங்களூரில் இருக்கும் என் பெரியவன் ஆன்லைனில் போட்டுவிட்ட ஜெர்க்கின் இது. விலை 2,190 ரூபாய். "போன வருஷம் நத்தத்துல நடுங்கிக்கிட்டே போன் பண்ணுனியளே ஆத்தா, இந்தத் தடவை இதைப் போட்டுக்கங்க" என்றான். கம்பெனி பெயரை எழுதவில்லை. காரைக்குடியில் இரண்டு கடைகளில் இதே விலைக்குத் தொங்கியவற்றைத் தொட்டுப் பார்த்தேன். வேறு வேறு பெயர், அதே துணி. ஆகவே நான் சொல்லப்போவது அவற்றுக்கும் ஏறக்குறையப் பொருந்தும்.

வெளியே நைலான். உள்பக்கம் வெள்ளையாக ரப்பர் தடவியது போல ஒரு பூச்சு, அதன்மேல் வலைத்துணி. தலைக்குக் குல்லா, பக்கத்துக்கு ஒரு பை, நெஞ்சுக்குள்ளே ஒரு பை, முதுகில் வெளிச்சம் பட்டால் மின்னும் ஒரு பட்டை. அட்டையில் 3000 மி.மீ. என்று போட்டிருந்தது. துணியின் மேல் மூன்று மீட்டர் உயரத்துக்குத் தண்ணீரை நிறுத்தினாலும் உள்ளே இறங்காது என்று அதற்கு அர்த்தமாம். முப்பது வருஷம் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுத்தவளிடம் இப்படி ஒரு எண்ணைக் கொடுத்தால் சும்மா இருப்பேனா? அந்தக் கார்த்திகையில் மழை பிடித்த ஒரு சாயங்காலம் ஜெர்க்கினை மாட்டிக்கொண்டு எங்கள் வீட்டு முற்றத்தில் போய் நின்றேன். வளவின் நாலு பக்கத் தாழ்வாரத் தண்ணீரும் முற்றத்தில்தான் கொட்டும். இரண்டு ஓட்டுச் சரிவும் கூடுகிற மூலையில் அண்டா வைத்துப் பிடிப்போம். அண்டாவைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் பத்து நிமிஷம் நின்றேன். பட்டாசாலையில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்த எங்கள் வீட்டுக்காரவுக, "காய்ச்சல் வந்தா அதையும் சேத்து எழுது" என்றாக.

காய்ச்சல் வரவில்லை. துணி சொட்டு விடவில்லை, அது உண்மை. ஆனால் இரண்டு தோளிலும் தையல் ஓடும் கோடு மட்டும் நனைந்திருந்தது. ஊசி போன ஓட்டையெல்லாம் தண்ணீருக்கு வாசல்தானே. நல்ல மழைச்சட்டைகளில் தையலின் மேல் உள்பக்கமாக ஒரு டேப் ஒட்டி வரும், இதில் இல்லை. 3000 என்ற எண் துணிக்கு, சட்டைக்கு அல்ல. வாங்குகிறவர்கள் சட்டையை உள்வெளியாகத் திருப்பித் தோள் தையலைப் பாருங்கள்.

சரி, மழை நம் கவலையே இல்லை. தைப்பூச நடைக்கு மழை வருவது அபூர்வம். வடகிழக்குப் பருவமழை பொங்கலையொட்டி விடைபெற்றுவிடும். நம் கவலை பனி. தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்று எங்கள் அப்பத்தா சொல்லும். இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பூசம் தைமாதப் பௌர்ணமியை ஒட்டி வருவதால் வருஷத்துக்கு வருஷம் நகர்ந்துகொண்டே இருக்கும். 2024-ல் ஜனவரி 25, தை 11. 2025-ல் பிப்ரவரி 11, தை 29. ஒரே யாத்திரை, ஒரே ரோடு, ஆனால் இரண்டும் வேறு பருவம். இந்த ஜெர்க்கினை இரண்டு வருஷமும் போட்டு நடந்ததால்தான் இதை எழுதத் துணிகிறேன். ஒரு தடவை போட்டுவிட்டு ஐந்து நட்சத்திரம் கொடுப்பவர்களை நான் நம்புவதில்லை.

தேவகோட்டையிலிருந்து கிளம்பி, குன்றக்குடியில் எல்லா ஊர்க் காவடிகளோடும் சேர்ந்து, திருப்பத்தூர், சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல், ஒட்டன்சத்திரம், பழனி. அதிகாலை மூன்று மணிக்கு எழுந்து நடந்தால் ஒன்பது பத்து மணிக்குத் தங்கல். வெயில் தாழ்ந்து நாலு மணிக்கு மறுபடி. சிங்கம்புணரி வரைக்கும் குளிர் ஒரு பேச்சே இல்லை. என் ஜெர்க்கினைப் பார்த்து எங்கள் கூட்டத்தில் ஒரு அயித்தை, "என்ன ஆச்சி, மலையேறப் போறியளா?" என்று கேட்டாக. "பழனிக்கு வேறெதுக்குப் போறோம்?" என்றேன்.

நத்தத்தைத் தாண்டினால் கதை மாறும். கோபால்பட்டிப் பக்கம் நடக்கும்போது இடது கைக்குச் சிறுமலை, வலது கைக்குக் கரந்தமலை. மேகமில்லாத ராத்திரியில் தரைச் சூடெல்லாம் வானத்துக்குப் போய்விடும். மலைச்சரிவில் குளிர்ந்த காற்று கனமாகி மெல்ல இறங்கி நடுவில் இருக்கும் பள்ளத்தில் தேங்கும். ரோட்டில் ஒரு இறக்கத்தில் இறங்கினால் குளத்துக்குள் கால் வைத்தது போல முழங்காலுக்குக் குளிர் ஏறும். மேடு ஏறினால் விட்டுவிடும். 2024-ல் அங்கே காலை நாலரை மணிக்கு என் போன் 18 டிகிரி காட்டியது. வடநாட்டுக்காரர்கள் சிரிப்பார்கள். வெறுங்காலோடு, நனைந்த முந்தானையோடு, தூக்கம் கெட்ட உடம்புக்கு 18 போதும்.

ஜெர்க்கினை மாட்டி ஜிப்பைக் கழுத்துவரை இழுத்தேன். முதல் பத்து நிமிஷம் சொர்க்கம். பின்னாலிருந்து வலது தோளில் மோதும் வாடைக்காற்று சுத்தமாக நின்றுபோனது. அதற்குப் பிறகுதான் வினை. உடம்பு நடையில் சூடேறி வேர்க்க ஆரம்பித்தது. வேர்வைக்குப் போக வழியில்லை. வெளியே இருக்கும் தண்ணீர் உள்ளே போகாது என்றால், உள்ளே இருக்கும் ஆவி மட்டும் எப்படி வெளியே போகும்? பனியில் சில்லிட்டிருக்கும் நைலானில் அது பட்டுக் குளிர்ந்து, குளிர்ந்த சொம்பின் வெளிப்பக்கம் முத்து முத்தாக நிற்குமே, அப்படி உள்பக்கம் பூத்துவிட்டது. வலைத்துணி உடம்போடு ஒட்டியது. ஒரு மணி நேரத்தில் ரவிக்கை பிழியலாம் போல ஆனது. சுக்குக் காபிக்கு நின்ற இடத்தில் காற்றோட்டத்துக்கு ஜிப்பைத் திறந்தேன், பாருங்கள், பல் கிட்டிப்போனது. நனையாமல் இருக்கப் போட்டதே நனைத்து நடுங்க வைத்தது.

இது இந்தக் கம்பெனியின் குற்றம் மட்டுமில்லை; பூச்சு பூசிய மலிவு நைலான் எல்லாவற்றின் குணமும் இதுதான். ஆவியை வெளியே விடும் துணி உண்டு, அதன் விலை வேறு. ஆனால் "ஏற்றது: நடைப்பயணம்" என்று அட்டையில் போட்டவர்கள் அதைப் போட்டுக்கொண்டு நடந்து பார்த்திருக்கலாம்.

எதிர்பாராத நல்லது ஒன்றும் உண்டு. முதுகில் இருக்கும் மின்னும் பட்டை. கிளம்பும்போது வளர்பிறை பாதிதான் வந்திருக்கும். நிலா நடுராத்திரியோடு மேற்கே விழுந்துவிடும். ஆக முதல் நாட்களில் மூன்று மணி நடை கும்மிருட்டு. நாள் ஆக ஆக நிலா நம்மோடு கூட வர ஆரம்பித்து, ஒட்டன்சத்திரத்தைத் தாண்டும்போது விடிய விடிய முன்னாலேயே நிற்கும். லாரிகள் உரசிக்கொண்டு போகும் அந்த முதல் நாட்களில், என் பின்னால் வந்தவர்கள் "ஆச்சி முதுகு நல்லா தெரியுது, அதைப் பாத்துக்கிட்டே வர்றோம்" என்றார்கள். வழியில் பையில் ஒட்டிவிடும் ஒளிரும் ஸ்டிக்கரைவிட இது பளிச். ஒட்டன்சத்திரத்துக்கு அந்தப் பக்கம் யாத்திரைக்காரர்களுக்கென்றே நடைபாதை இருப்பதால் இந்தக் கவலை குறைந்துவிடும்.

பைகளும் தாராளம். போன், திருநீற்று மடல், கால்வலித் தைலம், ஒரு கை சீப்புச் சீடை எல்லாம் போயும் இடம் இருந்தது. சீடைத் தூள் மட்டும் இன்றுவரை மூலையை விட்டு வரவில்லை.

2025-ல் பாடம் வேறு. தை கடைசி. விடிகாலை அதே பனிதான், ஆனால் எட்டரை மணிக்கே வெயில் கொதித்தது. நாம் போவது மேற்கே. காலை வெயில் முழுக்க முதுகில்தான் விழும். சாயங்கால வெயில் மூஞ்சியில். கறுப்புப் பச்சையில் ஒரு ஜெர்க்கினைப் போட்டுக்கொண்டு முதுகைச் சூரியனுக்குக் காட்டி நடப்பது என்பது, தோசைக்கல்லைக் கட்டிக்கொண்டு நடப்பது. ஏழு மணிக்கே கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டேன். அப்படிக் கட்டினால் சேலையில் நைலான் வழுக்கி நூறடிக்கு ஒருமுறை அவிழும். பையில் திணித்தால் ஒரு பூசணிக்காய் அளவு. விலை கொஞ்சம் கூடியவை உள்ளங்கை அளவு உறையில் மடங்குமாம், இது மடங்காது.

அந்த வருஷம் எனக்கு உண்மையில் கைகொடுத்தது என் மாமியாரின் பழைய கண்டாங்கிச் சேலை. காரைக்குடிக் கண்டாங்கிக்கு 2019-ல் புவிசார் குறியீடு வந்தபிறகு புதுசின் விலையே தனி. இது அதற்கெல்லாம் முந்தியது. அரக்கும் கடுகு மஞ்சளுமாகப் பெரிய கட்டம், நாற்பது வருஷம் துவைத்துத் துவைத்துக் குழந்தைத் தூளி போல ஆகிவிட்ட பருத்தி. அதைப் பாதியாகக் கிழித்து (மாமியார் இருந்திருந்தால் என்னையும் சேர்த்துக் கிழித்திருப்பாக) இரண்டாக மடித்துத் தலையோடு போர்த்திக்கொண்டேன். வாடைக்காற்று கொஞ்சம் உள்ளே வரும், பொய் சொல்லமாட்டேன். பனியில் மேல்மடிப்பு நனைந்து கனக்கவும் செய்யும். மழை வந்தால் அவ்வளவுதான். ஆனால் வேர்வையை இழுத்துக் காற்றுக்குக் கொடுத்துவிடும், உள்மடிப்பு கதகதப்பாகவே இருக்கும். வெயில் ஏறியதும் அதையே நனைத்துத் தலையில் போட்டால் குளிர்ச்சி. ஆயக்குடியில் கொய்யாப்பழம் வாங்க நின்றபோது வேலியில் விரித்தேன். பேரம் முடிந்து காசு கொடுப்பதற்குள் முக்கால் பங்கு காய்ந்துவிட்டது.

அப்படியானால் 2,190 ரூபாய் தண்டமா? அதுவும் இல்லை. நடக்கும்போது அல்ல, நிற்கும்போது போடவேண்டிய சாமான் இது. தோப்பிலும் பந்தலிலும் படுக்கும்போது, ரவிக்கையை மாற்றிக்கொண்டு, உலர்ந்த உடம்பின்மேல் இதை மாட்டிக் குல்லாவையும் இழுத்துக்கொண்டால், இரவெல்லாம் கொட்டும் பனி ஒன்றும் செய்யாது. கொசுவும் கடிக்க முடியாமல் திண்டாடும். குழந்தை வேலப்பர் கோயில் பக்கம் படுத்த ராத்திரி, எங்கள் கூட்டத்திலேயே நன்றாகத் தூங்கி எழுந்தவள் நான்தான். நடையில் போட்டே ஆகவேண்டும் என்றால் கிளம்பின பத்தாவது நிமிஷம் கழற்றிவிடுங்கள். குளிர்கிறதே என்று தோன்றும்போதே கழற்றவேண்டும். வேர்த்தபிறகு கழற்றினால் பிரயோஜனமில்லை.

ஜிப்பைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் மனசு ஆறாது. பல் மெலிசு. முந்தானை நூலைக் கவ்வுவதே அதன் தொழில். இரண்டாம் வருஷம் விருப்பாச்சி வரும்போது இழுவை கையோடு வந்துவிட்டது. முதல் வருஷமே தோள் தையல் ஒழுகுவதைப் பற்றி அவர்களுக்கு மெயில் போட்டிருந்தேன். பதினோரு நாள் கழித்துப் பதில் வந்தது: நனைந்த நிலையில் ஒரு படம் எடுத்து அனுப்பவும் என்று. அதற்காக மறுபடி முற்றத்து அண்டாவைத் தள்ள முடியுமா? பேரன் ஒரு படம் எடுத்து அனுப்பினான். அதற்குப் பதிலே இல்லை. ஜிப் போனபோது உத்தரவாதக் காலம் முடிந்திருந்தது, அது என் தலைவிதி. இங்கே ஒரு தையல்கார அண்ணன் பெரிய பல் வைத்த ஜிப்பை 120 ரூபாய்க்கு மாற்றித் தந்தாக. இப்போது சட்டையிலேயே உருப்படியான பாகம் அதுதான். டேப் ஒட்ட முடியுமா என்று கேட்டதற்கு, தோள் தையலில் மெழுகுவர்த்தியைத் தேய்த்துச் சூடான இஸ்திரிப் பெட்டியைத் துணி போட்டு லேசாகக் காட்டச் சொன்னாக. செய்து பார்த்தேன். இந்த ஐப்பசி மழைக்கு ஓரளவு தாங்கியது.

அளவு விஷயம்: சேலைக்கு மேல் போடுகிறவர்கள் வழக்கமான அளவுக்கு ஒன்று கூட்டி வாங்குங்கள். நான் எல் வாங்கினேன். கொசுவமும் முந்தானையும் அடங்க எக்ஸெல் வேண்டியிருந்தது. சுடிதார் போட்டு நடக்கும் பிள்ளைகளுக்கு அவரவர் அளவே சரியாக இருக்கும். நிறத்தில் கறுப்பும் கரும்பச்சையும் வேண்டாம். மஞ்சளில் இருக்கிறதா என்று பெரியவனைத் தேடச் சொன்னேன், இருக்கிறதாம், ஆனால் அதில் முதுகுப் பட்டை இல்லையாம். 2026 பூசம் பிப்ரவரி 1. கண்டாங்கியின் மறுபாதியைத் துவைத்துக் கொடியில் போட்டிருக்கிறேன். ஜெர்க்கினை இப்போதைக்குக் காலையில் ஸ்கூட்டரில் சந்தைக்குப் போகும் எங்கள் வீட்டுக்காரவுக போட்டுக்கொண்டு போறாக.